மணிமுத்தாற்றில் ஒரு டைனோசர்

அந்தப் புத்தகத்தில், வண்ணப்படம் போட்ட ஒரு பக்கத்தின் ஓரத்தில், வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. வழவழப்பான தாளில் பால் சிந்திக் காய்ந்த மாதிரி. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்துவிடும். நான் சுரண்டவில்லை. அது விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் பொம்மை வார்க்கிற என் தாய்மாமனுடைய விரல். களிமண் சிலிப்பில் விட்ட கையைத் துடைக்காமல் படத்தைத் தொட்டுவிட்டார். படத்தில் இருப்பது டைனோசர். கலிபோர்னியாவில் ஒரு பட்டறையில், கூரையை முட்டுகிற உயரத்தில், ஆட்கள் சாரத்தில் நின்று அதன் மேல் களிமண்ணை இழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புத்தகத்தின் பெயர் 'தி மேக்கிங் ஆஃப் ஜுராசிக் பார்க்'. டான் ஷே, ஜோடி டங்கன் இருவரும் எழுதியது. படம் வந்த 1993-லேயே அமெரிக்காவில் பாலன்டைன் பதிப்பகம் வெளியிட்டது. அதன் ஒரு பிரதி திட்டக்குடிக்கு வந்து சேர்ந்து, வெள்ளாற்றங்கரையில் ஒரு பரணில் கிடந்து, மறுபடி சென்னைக்குப் போய், மறுபடி திரும்பி வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவன் விவரமில்லாமல் அலைந்தால் 'ஆத்துல போட்டுட்டுக் கொளத்துல தேடுறான்' என்பார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது எங்கள் ஊர்க் கதை என்று தெரியாது. சுந்தரர் திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், சிவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். வழியில் கள்ளர் பயம். மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று. போட்டார், போனார், குளத்தில் இறங்கித் தேடினார். மனைவி பரவையார் கரையில் நின்று சிரித்தார். கடைசியில் பொன் கிடைத்தது. ஆனால் உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது. ஓரிடத்தில் போட்டது வேறிடத்தில் முளைக்கும், ஆனால் வழியில் கொஞ்சம் தேயும். இந்தப் புத்தகமும் அப்படித்தான் வந்தது. சிரிக்க என் வீட்டிலும் ஆள் இருந்தார்கள்.

டான் ஷேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1980-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு என்ற ஊரில் 'சினிஃபெக்ஸ்' என்று ஒரு பத்திரிகை தொடங்கியவர். சினிமாவில் தந்திரக் காட்சி எடுக்கிறவர்களுக்கென்றே ஒரு பத்திரிகை. நடிகர் கிசுகிசு கிடையாது, விமர்சனம் கிடையாது, நட்சத்திர மதிப்பெண் கிடையாது. இந்தக் காட்சியில் தண்ணீர் எப்படி அலையடித்தது, இந்தக் கப்பல் எத்தனை அடி, இந்த ராட்சதனின் தோல் எந்த ரப்பர், யார் ஊற்றினார்கள், எத்தனை முறை கெட்டுப்போனது. இவ்வளவுதான் உள்ளே. 172 இதழ் வந்து, 2021-இல் நின்றது. கெட்டுப்போன கதையையும் மறைக்காமல் எழுதுவதுதான் அதன் சிறப்பு என்பேன். ஒரு பட்டறையில் நான்கு நாள் உட்கார்ந்தால் காதில் விழுகிற பேச்சு முக்கால்வாசி, கெட்டுப்போனதைப் பற்றியது தானே.

அதற்கு முன்னும் இந்த வகைப் புத்தகங்கள் வந்ததுண்டு. குப்ரிக்கின் '2001' படம் உருவான விதத்தை ஜெரோம் ஏஜல் 1970-இல் தொகுத்தார். 1933-இல் வந்த 'கிங் காங்'கின் கதையை ஆர்வில் கோல்ட்னர், ஜார்ஜ் டர்னர் இருவரும் 1975-இல் எழுதினார்கள். கோல்ட்னர் அந்தப் படத்திலேயே வேலை செய்தவர். குரங்கு ஒன்றரை அடி உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பர், அதற்கு மேல் முயல்தோல் என்று விவரமாக வெளியே வர நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. முன்பெல்லாம் ரகசியம் ஒரு முதல். உடைத்துச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்று ஸ்டுடியோக்கள் நினைத்தன. ரகசியத்தையே தனியாக விற்கலாம் என்று பிறகு கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

நம் பக்கம் கதை வேறு. சினிமாக் கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்றது பாட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் நடிகர் பட்டியல், அடுத்து ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, கலை, லேபரட்டரி என்று தொழில் செய்தவர்கள் பெயர், பிறகு கதைச் சுருக்கம், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க', பிறகு பாட்டு. சினிமாவிலிருந்து காகிதத்தில் இறங்கி வீடு வரை வந்தது பாட்டும் வசனமும்தான். எப்படிச் செய்தார்கள் என்பது இறங்கி வரவில்லை.

1957-இல் வந்த 'மாயாபஜார்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடோத்கஜனாக வரும் ரங்காராவ் வாயைத் திறந்தால் லட்டு தானாகப் பறந்து போகிறது. பாத்திரங்கள் தாமாகக் காலியாகின்றன. அது கே.வி. ரெட்டியின் டைரக்‌ஷன், மார்கஸ் பார்ட்லியின் கேமரா, வடபழனி வாஹினி ஸ்டுடியோ. கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. நடிகரை அப்படியே நிறுத்திவைத்து, கேமராவை நிறுத்தி, ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவது, பிலிமைப் பின்னால் சுற்றி மறுபடி பதிவது, சின்ன வீடுகளாகக் கட்டி நகரமாகக் காட்டுவது. படத்தின் சொந்தக்காரர்களான நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் 1947-இல் 'அம்புலிமாமா'வைத் தொடங்கியவர்கள். ஸ்டுடியோவும் அவர்களிடம், வண்ண அச்சகமும் அவர்களிடம், மாயக்கதைக்குப் படம் போடத் தெரிந்த ஓவியர்களும் அவர்களிடம். ஒரே முதலாளிகளின் ஆட்கள் ஒரு பக்கம் வேதாளத்தை வரைந்தார்கள், மறுபக்கம் கடோத்கஜனை எழுப்பினார்கள். எழுப்பிய வித்தையை அச்சடித்துக் கொட்டகை வாசலில் விற்றிருந்தால் நானே இரண்டு வாங்கியிருப்பேன்.

அதற்காக வித்தை செத்துப்போகவில்லை. கை மாறி வந்தது. 'மாயாபஜார்' காலத்தில் கே.வி. ரெட்டியிடம் உதவியாளராக இருந்தவர் சிங்கீதம் சீனிவாசராவ். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' எடுத்தவர் அவர்தான். கமல் எப்படிக் குள்ளமானார் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. முழங்காலை மடக்கிக் கட்டி, முட்டியில் பூட்ஸ் மாட்டி, சில காட்சிகளுக்குப் பள்ளம் தோண்டி என்று விவரம் மெல்ல மெல்லத்தான் கசிந்தது. குருவிடமிருந்து சிஷ்யனுக்கு, பட்டறையிலிருந்து பட்டறைக்கு. என் மாமா மோல்டு எடுக்கக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். அவர் குருவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

இனி நம் பிரதி. நான் அப்போது சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். 2000-களின் தொடக்கம். திருவல்லிக்கேணியில் பழைய புத்தகம் விற்கும் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை நடப்பது ஒரு பழக்கம். வெளிநாட்டு நூலகங்களும் தர்மக் கடைகளும் கழிக்கிற புத்தகங்கள் கன்டெய்னரில் மொத்தமாக வந்து, எடைபோட்டுப் பிரிந்து, கடைசியில் நடைபாதைத் தார்ப்பாயில் விழும். சமையல் புத்தகத்துக்கும் டாக்டர் படிப்புப் புத்தகத்துக்கும் நடுவில் இது கிடந்தது. உள்ளே சிவப்பு முத்திரை, நூலகத்திலிருந்து நீக்கப்பட்டது என்று. கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. முதல் வருஷத்தில் தேதிமேல் தேதியாகக் குத்தியிருக்கிறார்கள், இடம் போதாமல் ஓரத்தில்கூட. பிறகு வருஷத்துக்கு ஒன்று. பிறகு வெறும் கட்டங்கள். ஒரு படத்தின் மவுசு எப்படி வடிகிறது என்று காட்ட இதைவிட நல்ல வரைபடம் வேண்டாம்.

கடைக்காரர் நூறு சொன்னார், நாற்பதுக்கு முடிந்தது. அட்டை கசங்கியிருந்ததாக நான் காட்டினேன், அது ஏற்கெனவே அமெரிக்காவிலேயே கசங்கியது என்றார் அவர். அதற்குமேல் பேரம் பேசத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது ரயிலில் படிக்கப் பையில் போட்டுக்கொண்டேன். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி நேரே மாமா பட்டறைக்குப் போய், அங்கே சாப்பிட்டுவிட்டுப் பெண்ணாடம் வழியாகத் திட்டக்குடிக்கு பஸ் பிடிப்பது என் வழக்கம். பட்டறை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. ஒரு பக்கம் பலகைத் தட்டுகளில் ஈரப் பொம்மைகள், ஒரு பக்கம் கயிறும் டியூப்பும் போட்டு இறுக்கிக் கட்டிய பிளாஸ்டர் மோல்டுகள், நடுவில் சிலிப் டிரம். அகல் விளக்கு, பிள்ளையார், உண்டியல், மேசையில் வைக்கிற வாத்து. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசுப் பயிலகமே இருக்கிறது. மாமா அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளில் வருவார், உள்ளே போனதில்லை.

கையில் இருந்ததைப் புரட்டினார். ஆங்கிலம் தெரியாது, படம் போதும்.

"என்னா மாப்ள இது, ஐயனாரு குதிர கணக்கா சாரம் கட்டி நிக்கிறானுவோ?"

"டைனோசர் மாமா. சினிமாவுக்கு."

"அது தெரியிது. உள்ள என்னா வச்சிருக்கான்? மொத்தமும் மண்ணுன்னா ராத்திரிக்கே வுழுந்துடுமே."

எங்கள் நடுநாட்டில் ஐயனார் குதிரை செய்கிறவர்களிடம் வளர்ந்த கேள்வி அது. உள்ளே செங்கல், மேலே சுதை என்பது அவருக்கு ரத்தத்தில் இருக்கிறது. நான் வாசித்து வாசித்துச் சொன்னேன். ஸ்டான் வின்ஸ்டன் என்பவரின் பட்டறை. முதலில் காகிதத்தில் படம் வரைந்தது மார்க் மெக்ரீரி. பிறகு ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு சின்ன உருவம். அதைக் குறுக்கே துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு வெட்டின் விளிம்பையும் விளக்கொளியில் பெரிதாக்கிப் பலகையில் வரைந்து, அந்தப் பலகைகளை வெட்டி விலாவெலும்பு மாதிரி வரிசையாக நிறுத்தி, மேலே கம்பிவலையும் ஃபைபர் கிளாஸும் போட்டு, அதற்கு மேல்தான் மண். மண் மட்டும் ஒரு டன்னுக்கு மேல். இருபது அடி உயரம், தலை முதல் வால் வரை நாற்பது அடி.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பலகை வெட்டும் யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு கேட்டார்: "செரி. மோல்டு எப்பிடி எடுத்தான்?"

அச்சகத்திலும் சென்னையிலும் இந்தப் புத்தகத்தைப் பார்த்த பத்துப் பேராவது இருப்பார்கள். ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. எவ்வளவு செலவு என்றார்கள், நிஜமாகவே கடிக்குமா என்றார்கள். மண்ணில் செய்தது வெறும் முன்மாதிரி, அதிலிருந்து அச்சு எடுத்தால்தான் பொருள் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

பொம்மை வார்ப்பது இப்படி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டு இரண்டு துண்டாகவோ மூன்று துண்டாகவோ இருக்கும். சேர்த்துக் கட்டி, வாய் வழியாகத் தண்ணியாகக் கரைத்த களிமண்ணை, அதாவது சிலிப்பை, நிறைய ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க மோல்டின் உள்சுவரில் மண் ஏடு கட்டும், பாலாடை மாதிரி. வேண்டிய கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து டிரம்மில் விட்டுவிடுவார்கள். கொஞ்சம் இறுகியதும் மோல்டைப் பிரித்தால் உள்ளே கூடாக ஒரு பிள்ளையார். மோல்டு துண்டுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு ஓடும். அதைச் சுரண்டி, ஈரத் துணியால் தடவி, காயவைத்து, சூளையில் வைத்து, கிளேஸ் அடித்து, மறுபடி சூளை. வார்த்தபோது இருந்த அளவு வெந்து வரும்போது இருக்காது, சுருங்கும். விநாயகர் எங்கே குட்டையாவார் என்று கணக்கு வைத்துத்தான் மோல்டு எடுக்க வேண்டும்.

ஹாலிவுட்காரர்களும் உடம்பைப் பகுதி பகுதியாகப் பிரித்தே அச்சு எடுத்தார்கள். ஊற்றியது சிலிப் அல்ல, நுரையடித்த ரப்பர். ஊற்றிய பிறகு அடுப்பில் வைத்து வேகவைக்க வேண்டும். வெந்தால் அதுவும் சுருங்கும்.

"அவனும் சூளைதானா" என்றார் மாமா. அதில் ஒரு திருப்தி.

அப்புறம் மழைக் காட்சி. இரவில், கொட்டுகிற மழையில், அந்த டைனோசர் வேலியைத் தாண்டி வந்து காரை நசுக்குமே, அது. வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் ஒரு பெரிய அரங்கத்துக்குள் செயற்கை மழை பெய்வித்து எடுத்தார்கள். பல டன் எந்திரம், விமானிகளுக்குப் பயிற்சி தருகிற மேடை மாதிரி ஒன்றின் மேல் ஏற்றி, ஹைட்ராலிக்கில் இயங்கியது. நான் இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே மாமா குறுக்கிட்டார்.

"மழயில வுட்டானா? நொர ரப்பருன்னியே, குடிச்சிருக்குமே தண்ணிய."

குடித்தது. தோல் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போய், கனம் கணக்கில் வராததால் எந்திரம் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கியது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் ஆட்கள் துண்டை வைத்துக்கொண்டு டைனோசரைத் துவட்டினார்கள். இயக்குநர் ஸ்பீல்பெர்க்கின் படப்பிடிப்பில் புகழ்பெற்ற தொல்லை அது. சிலிப்பும் பிளாஸ்டரும் மட்டுமே தெரிந்த ஒருவர், கார்த்திகை விளக்கு ஆர்டர் குவிகிற ஐப்பசி அடைமழையில் மோல்டு காயாமல் வருஷா வருஷம் தவிக்கிற ஒருவர், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்போதுதான் கட்டைவிரல் அந்தப் பக்கத்தில் பதிந்தது.

மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு காரியம் செய்திருக்கிறார். எங்கள் வட்டாரத்துக் கொல்லையிலும் கொட்டாயிலும் புழங்கும் சொற்களை அகராதியாக்கியது. டான் ஷேயின் வேலையையும் அதையும் நான் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். கைவேலைக்காரன் வாயில் இருப்பது காகிதத்துக்கு வர, அவனோடு உட்கார ஒரு ஆள் வேண்டும்.

திட்டக்குடி வீட்டில் புத்தகம் பரணுக்குப் போயிற்று. நாற்பது ரூபாய்க்கு ஓணான் படம் வாங்கி வந்திருக்கிறான் என்று அம்மா சிரித்தாள். பரவையார் இடம் காலியாக இருக்கவில்லை. சில வருஷம் கழித்து அதை இறக்கியது என் அக்கா மகன். அவன் படங்களைப் பார்க்கவில்லை, எழுத்தை வாசித்தான், அகராதியை வைத்துக்கொண்டு. எங்கள் குடும்பத்தில் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தவன் அவன் ஒருவன்தான்.

அவனைப் பிடித்துக்கொண்டது ஃபில் டிப்பெட்டின் கதை. பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு ஃப்ரேமாகப் படமெடுத்து உயிர் கொடுப்பதில் பெரிய கை. ஓடும் டைனோசர்களை அவர் அப்படிச் செய்வதாகத்தான் ஏற்பாடு. இதற்கிடையில் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற தந்திரக் காட்சிக் கம்பெனியில் ஸ்டீவ் வில்லியம்ஸ் முதலானவர்கள் கம்ப்யூட்டரில் ஓர் எலும்புக்கூட்டை நடக்கவிட்டுக் காட்டினார்கள். பார்த்ததும் டிப்பெட், தன் இனமே அழிந்துபோயிற்று என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஸ்பீல்பெர்க் அதைப் படத்திலேயே வசனமாக வைத்துக்கொண்டார். ஆனால் டிப்பெட்டை வீட்டுக்கு அனுப்பவில்லை. கம்ப்யூட்டர்காரர்களுக்கு விலங்கு எப்படி எடை போட்டு நடக்கும் என்று தெரியாது, அது தெரிந்தவர் இவர். மூட்டுக்கு மூட்டு உணர்கருவி பொருத்திய ஒரு பொம்மை எலும்புக்கூடு செய்தார்கள். பழைய ஆட்கள் அதைக் கையால் வளைக்க, திரைக்குள் டைனோசர் வளைந்தது. மொத்தப் படத்தில் டைனோசர் தெரிவது ஏறத்தாழ பதினைந்து நிமிஷம். அதில் கம்ப்யூட்டர் ஆறு நிமிஷம்போல, மிச்சம் வின்ஸ்டன் பட்டறை.

2010 அக்டோபரில் ரஜினியின் 'எந்திரன்' வந்தது. விருத்தாசலத்தில் பார்த்தோம். படம் முடிந்து கூட்டம் கதவை நோக்கித் தள்ளும்போது மருமகன் மட்டும் உட்கார்ந்து, ஓடுகிற பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தான். விளக்கைப் போட்டுவிட்டார்கள், அவன் எழவில்லை. சிட்டி ரோபோவின் அனிமேட்ரானிக் வேலையைச் செய்தது லெகஸி எஃபெக்ட்ஸ். ஸ்டான் வின்ஸ்டன் 2008 ஜூனில் இறந்த பிறகு அவர் பட்டறையின் மூத்த ஆட்கள் தொடங்கிய கம்பெனி. மாமா விரல் பதிந்த பக்கத்துச் சாரத்தின் வாரிசுகள்தான், கடல் தாண்டி வந்து ரஜினிக்கு எந்திர உடம்பு செய்திருக்கிறார்கள். அந்தப் படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்காக ஸ்ரீநிவாஸ் மோகனுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. "மாமா, நம்ம புஸ்தகத்து ஆளுங்க" என்றான். பஸ் போய்விடும் என்றேன் நான்.

அடுத்த வருஷம் அவன் சென்னைக்குப் போனான், புத்தகத்தோடு. அனிமேஷன் படிப்பு, பிறகு ஒரு ஸ்டுடியோவில் ரோட்டோ வேலை. ரோட்டோ என்றால், திரையில் ஓர் ஆள் ஓடுகிறான் என்று வையுங்கள். அவனுக்குப் பின்னால் வேறு உலகத்தை வைக்க வேண்டும். அதற்கு அவன் உடம்பின் விளிம்பைக் கோடு போட்டு வெட்டியெடுக்க வேண்டும். ஒரு வினாடிக்கு இருபத்துநான்கு ஃப்ரேம். நாலு வினாடி ஷாட் என்றால் தொண்ணூற்றாறு தடவை அதே ஆள், அதே முடி, காற்றில் கலைகிற அதே நாலு மயிர். மாமாவிடம் விளக்கிச் சொன்னபோது "பினிஷிங்கா?" என்று கேட்டார். மோல்டுக் கோட்டைச் சுரண்டுகிற வேலை, ஆமாம். பட்டறையில் அதைப் பெண்கள் செய்வார்கள், எண்ணிக்கைக்குக் கூலி. ஸ்டுடியோவிலும் எண்ணிக்கைதான். சம்பளம் இரண்டு மாதம் தள்ளி வந்ததும், ஒரு மாதம் வராமலே போனதும் அவன் அம்மாவுக்குத் தெரியாது.

அந்த ஸ்டுடியோ அலமாரியில் அவன் இன்னொரு புத்தகத்தைப் பார்த்தான். 'லைஃப் ஆஃப் பை' படம் உருவானது பற்றி ஜான்-கிறிஸ்டோஃப் காஸ்டெல்லி எழுதி 2012-இல் வந்தது. அதை அவன் போனில் சொன்னபோது எனக்கு உற்சாகம், ஏனென்றால் அது எங்கள் பக்கத்து ஊர்ப் படம். விருத்தாசலத்திலிருந்து புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குள். ஆங் லீ 2011 ஜனவரியில் முத்தியால்பேட்டையில் படப்பிடிப்பைத் தொடங்கினார். தாவரவியல் பூங்காவை மிருகக்காட்சி சாலையாக்கினார். கடலுக்குத் தைவான் போனார். தைச்சுங் நகரத்தில் கைவிடப்பட்ட ஒரு விமான நிலையத்தில் அலையடிக்கும் பெரிய தொட்டி கட்டி அதில் படகை விட்டார்கள். படகிலிருக்கும் புலி பெரும்பாலும் கம்ப்யூட்டர்ப் புலி. செய்தது ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்கிற கம்பெனி. 1987-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன.

புத்தகத்தில் இல்லாதது இது: 2013 பிப்ரவரி 13-இல் ரிதம் அண்ட் ஹ்யூஸ் திவால் மனு கொடுத்தது. பதினோரு நாள் கழித்து அதே புலிக்கு ஆஸ்கர். அரங்கத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான விஷுவல் எஃபெக்ட்ஸ் தொழிலாளர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். உள்ளே மேடையில் பில் வெஸ்டன்ஹோஃபர் கம்பெனியின் கஷ்டத்தைப் பற்றி வாயெடுத்தபோது, நேரமாகிவிட்டது என்று 'ஜாஸ்' படத்துச் சுறா இசையை ஏற்றி, மைக்கையும் அணைத்துவிட்டார்கள். அந்த வாரம் உலகம் முழுக்க இந்தத் தொழில் செய்கிறவர்கள் தங்கள் முகப்புப் படத்தை வெறும் பச்சை நிறமாக மாற்றிக்கொண்டார்கள். பச்சைத் திரைக்கு மேல் நாங்கள் ஒன்றும் வைக்கவில்லை என்றால் உங்களுக்குத் தெரிவது இதுதான் என்று அர்த்தம். என் மருமகனும் மாற்றினான். கட்சிப் பச்சையா என்று திட்டக்குடியில் இரண்டு பேர் என்னைக் கேட்டார்கள்.

பிழை திருத்திப் பிழைத்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்த வகைப் புத்தகங்களின் ஊனம் அச்சக நாளிலேயே இருக்கிறது. படம் வெளியாகும்போது கடையில் இருக்க வேண்டும், அப்படியானால் படம் முடியுமுன்னே ஃபாரம் மெஷினுக்கு ஏற வேண்டும். எனவே எல்லாருமே கடைசிப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். கல்யாண ஆல்பம் மாதிரி. டான் ஷேயின் புத்தகமும் இதற்கு விலக்கில்லை, ஆனால் அதற்குள் ஒரு தோல்வி மாட்டிக்கொண்டது, டிப்பெட்டினுடையது. அதனால்தான் அது தேறியது.

மருமகன் அந்த வேலையை விட்டான், பிறகு வேறு இடத்தில் சேர்ந்தான், இப்போது அவன் பெயர் ஓடுகிற பட்டியலில் வருகிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால். புத்தகம் இரண்டு ரயில் மாறி விருத்தாசலத்துக்கே திரும்பிற்று. ஒருமுறை பட்டறைக்குப் போன இடத்தில் அதைத் தட்டின் மேல், ஈரப் பிள்ளையார்களுக்குப் பக்கத்தில் பார்த்தேன். எடுத்துப் புரட்டினால் நடுவில் நாலு தாள் இல்லை. கத்தியால் நறுக்காகக் கிழித்திருந்தது. சுவரைப் பார்த்தேன். மோல்டு காயவைக்கும் இடத்துக்கு மேலே மூன்று தாள் ஒட்டியிருந்தது, பக்கவாட்டில் நிற்கும் டைனோசர், முன்னால் நிற்பது, தலை மட்டும். நாலாவது எங்கே என்று மாமாவே தேடினார், கிடைக்கவில்லை. ரேகை பதிந்த பக்கம் மட்டும் புத்தகத்திலேயே இருந்தது. அதில் உருவம் சரியாகத் தெரியவில்லையாம், ஆட்கள் மறைக்கிறார்களாம்.

"புஸ்தகத்த கெடுத்துட்டீங்களே மாமா."

"எதுக்கு வாங்கியாந்த, பூஜ பண்ணவா?"

மோல்டு மூன்று பீஸ். வயிறு வரை எளிதாக வந்துவிட்டதாகச் சொன்னார். தொல்லை கொடுத்தது அந்த இரண்டு சின்னக் கைகள். முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் மோல்டைப் பிரிக்கும்போது மாட்டிக்கொண்டு முறிகிறது. நாலு தடவை வார்த்து நாலு தடவையும் முறிந்தது. கடைசியில் கைகளை நெஞ்சோடு ஒட்டிவிட்டார், கும்பிடுகிற மாதிரி. நிற்க வேண்டும் என்பதற்காகக் கால்களைக் கொழுக்க வைத்தார். வாலைத் தரையில் ஊன்றினார். முதுகில் காசு போட ஒரு பிளவு.

தை மாதம் திட்டக்குடியில், கோயில் தெருவில் திருவிழாக் கடை. வைத்தியநாத சுவாமி கோயில் வாசல் தாண்டி, வளையல் கடைக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் அடுத்து செராமிக் பொம்மைக் கடை. வாத்துக்கும் பிள்ளையாருக்கும் நடுவில், பச்சை கிளேஸ் அடித்து, கைகூப்பி நின்றது. ஒரு சின்னப் பெண் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள்.

"அம்மா, டைனோசர்."

"மொதலயா இது?" என்று அம்மாக்காரி கடைக்காரரைக் கேட்டாள்.

"மொதலயோ ஓணானோ, போட்ட காசு உள்ள நிக்கும். எம்பது ரூவா."

தலைகீழாகக் கவிழ்த்து அடியில் விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, ஐம்பதுக்குக் கேட்டாள்.